கண்ணுக்குள் ஒரு வில்லை: அது வந்த வழி

கண்புரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கப்படும் செயற்கை வில்லை, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிபுகும் தகடு. அதன் இரு ஓரங்களிலும் மீசைபோல வளைந்த மெல்லிய இழைகள் உண்டு. வில்லை நகராமல் தாங்கிப் பிடிப்பவை அவைதாம். ஓர் அரிசி மணியின் அளவே எடை. ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் அது கண்ணிலேயே இருக்கும்.

கருவிழிக்குப் பின்னால் இயற்கையாக அமைந்த வில்லை, கண்ணாடிபோலத் தெளிவானது. அதிலுள்ள புரதங்கள் வயது ஏற ஏறத் திரிந்து கலங்குகின்றன. ஒளி ஊடுருவ முடியாமல் பார்வை மங்குகிறது. இதுவே கண்புரை. ஊரில் இதைக் ‘கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பார்கள். உண்மையில் புதிதாக எதுவும் வளர்வதில்லை. இருந்த வில்லைதான் வெளுத்துப் போகிறது. உலகில் பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் இன்றும் இதுதான்.

செயற்கை வில்லையின் பிறப்பைப் பற்றி ஒரு கதை பரவலாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானியின் கண்ணில் விமானக் கூண்டின் துண்டு தெறித்தது, அதைப் பார்த்த மருத்துவருக்கு வில்லை வைக்கும் எண்ணம் வந்தது என்பது அந்தக் கதை. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்கத் தொடங்கிய என் தேடல், போருக்கு மிக முந்தைய காலத்துக்கும், அதன் பிறகு மதுரைக்கும் கொண்டுபோய் விட்டது. அந்த வழியைக் காலவரிசையில் இனிக் காணலாம்.

தள்ளிவிட்ட காலம்

புரைக்கான அறுவை முறையை விவரிக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று சுஸ்ருத சம்ஹிதை. அதன் உத்தர தந்திரப் பகுதியில் இந்த முறை வருகிறது. நோயாளி தன் மூக்கின் நுனியைப் பார்த்தபடி அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். பார்லி மணியின் முனைபோல் கூர்மையான சலாகையால் கண்ணின் பக்கவாட்டில் துளையிட வேண்டும். பிறகு நெய் தடவித் துணியால் கட்ட வேண்டும். இடக் கண்ணுக்கு வலக் கையாலும் வலக் கண்ணுக்கு இடக் கையாலும் செய்ய வேண்டும் என்ற நுணுக்கம்கூட அதில் உண்டு.

இந்த மரபில் பின்னர் பல நாடுகளிலும் நிலைத்த முறையில், கலங்கிய வில்லை கண்ணைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை. ஊசியால் அழுத்திப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளப்பட்டது. திரை விலகியதுபோல் வெளிச்சம் உள்ளே வரும். நோயாளிக்கு அந்த நொடியே உருவங்கள் தெரியத் தொடங்கும். ஆனால் தள்ளிவிடப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். சீழ், வீக்கம், கண் அழுத்தம் என்று பின்விளைவுகள் தொடரும். பலர் சில மாதங்களில் மீண்டும் பார்வையை இழந்தார்கள்.

அரபு மருத்துவர்கள் புரையை மேலிருந்து கண்ணுக்குள் இறங்கும் நீர் என்று கருதினார்கள். 1000ஆம் ஆண்டையொட்டிக் கெய்ரோவில் இருந்த அம்மார் இப்னு அலீ அல்-மௌஸிலி, உள்ளீடற்ற ஊசியால் மென்மையான புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்தார். இவரைப் போன்ற சிலர் நீங்கலாக, உலகின் பெரும்பகுதி தள்ளிவிடும் முறையையே நம்பியிருந்தது. இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாஹுக்கு 1750இல் லைப்ஸிக் நகரில் ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஜான் டெய்லர் அறுவை செய்தார். பாஹ் பார்வையைத் திரும்பப் பெறவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இறந்தார்.

தமிழகத்தில் இந்த வரலாற்றுக்கு இரு முக்கியமான தடயங்கள் உண்டு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் மருத்துவப் பணி நடத்தியதோடு கண் நோயாளிகளின் குறிப்புகளையும் எழுதி வைக்கச் செய்தார். நோயுற்ற கண்களின் ஓவியங்களோடு கூடிய அந்த ஏடுகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. இன்னொரு தடயம், 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை. இன்று எழும்பூரில் இயங்கும் அது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், தள்ளிவிடும் முறையால் பாழான கண்களைச் சேகரித்து ஆராய்ந்தார். இந்தியத் தள்ளுமுறையைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்முறையின் கேடுகளுக்கான மிக விரிவான சான்று. ஐரோப்பாவில் அதற்கு மாற்று வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும், ஊர் ஊராகச் சென்ற வைத்தியர்கள் இங்கே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

எடுக்கக் கற்ற காலம்

மாற்று முறை வருவதற்கு முதலில் ஒரு தவறான எண்ணம் நீங்க வேண்டியிருந்தது. புரை என்பது வில்லைக்கு முன்னால் படியும் திரை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பிரிஸோ, இறந்த ஒரு படைவீரரின் கண்ணை அறுத்துப் பார்த்து, கலங்கியிருப்பது வில்லையே என்று காட்டினார். திரை அல்ல, வில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை வெளியே எடுத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடம் பிறந்தது.

அதைச் செய்து காட்டியவர் ஜாக் டாவியேல். 1747இல் கருவிழியின் கீழ் ஓரத்தை அறுத்துத் திறந்து, புரையை வெளியே எடுத்தார். 1750களின் தொடக்கத்தில் தன் முறையைப் பாரிஸின் அறுவை மருத்துவக் கழகத்தில் விளக்கினார். மயக்க மருந்து கிடையாது. கிருமி பற்றிய அறிவு கிடையாது. நோயாளி விழித்தபடி வலியைப் பொறுத்துக்கொண்டு கண்ணை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அந்த வலிக்கு முடிவு வந்தது 1884இல். வியன்னாவில் பயிற்சி மருத்துவராக இருந்த கார்ல் கோலர், கோகெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணிலும் பிற விலங்குகளின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். விழியைத் தொட்டாலும் உணர்வு இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க் மாநாட்டில் இந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அங்கே செல்லக் கோலரிடம் பணம் இல்லாததால், அவருடைய கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். கண்ணை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்யும் முறை அந்த நாளில் தொடங்கியது.

வலி போயிற்று, குறை போகவில்லை. வில்லை இல்லாத கண்ணால் ஒளியை விழித்திரையில் குவிக்க முடியாது. அதை ஈடுகட்ட +10 டயாப்டர் அளவுள்ள தடித்த கண்ணாடி தேவைப்பட்டது. நம் ஊரில் அதற்குச் ‘சோடா புட்டிக் கண்ணாடி’ என்று பெயர். அதன் வழியே பார்த்தால் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஓரப் பார்வை சுருங்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்தவருக்கு, இரு கண்களும் இரு அளவில் உருவங்களைக் காட்டும். கண்ணாடி உடைந்துபோனால் அவர் மீண்டும் பார்வையற்றவர்.

எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. டிரெஸ்டன் அரசவைக் கண் வைத்தியர் காஸாமாட்டா, 1795 அளவில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தார். அது கண்ணின் பின்புறம் விழுந்துவிட்டது. கனமான கண்ணாடியைத் தாங்கும் அமைப்பும், உடல் ஏற்கும் பொருளும் அப்போது இல்லை. அதன் பிறகு அந்த எண்ணம் ஒன்றரை நூற்றாண்டு உறங்கியது.

வைக்கத் துணிந்தவர்

பரவலான கதையின் உண்மை இங்கே வருகிறது. 1940 ஆகஸ்ட் 15 அன்று, பிரிட்டன் வான்போரில் கார்டன் கிளீவர் என்ற விமானியின் கூண்டு நொறுங்கியது. அவர் ஓட்டியது ஸ்பிட்ஃபயர் அல்ல, ஹரிக்கேன். கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. ஒரு கண்ணின் பார்வை முழுவதும் போயிற்று. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் ஹரால்டு ரிட்லி.

அந்தத் துண்டுகள் பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை. பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணுக்குள் அசையாமல் கிடந்தால், கண் அவற்றை எதிர்க்கவில்லை. ரிட்லி இதைக் கவனித்து வைத்துக்கொண்டார். கதை சொல்வதுபோல் அந்த நொடியிலேயே வில்லை பிறந்துவிடவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்க முடியாதது வருத்தம் என்றார். பழைய கவனிப்பும் புதிய கேள்வியும் அங்கே இணைந்தன.

வில்லையை வடிவமைக்க ரெய்னர் நிறுவனத்தின் ஜான் பைக் உதவினார். ஐசிஐ நிறுவனம் மருத்துவத் தூய்மையுள்ள பெர்ஸ்பெக்ஸைத் தந்தது. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் அறுவையைச் செய்தார். வில்லையை நிலையாகப் பொருத்தியது 1950 பிப்ரவரி 8 அன்று. அவர் தேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் பலரும் புரையை, வில்லையைச் சூழ்ந்த மெல்லிய உறையோடு சேர்த்து எடுத்துவந்தார்கள். ரிட்லியோ கலங்கிய பகுதியை மட்டும் எடுத்து, உறையின் பின்பகுதியை விட்டுவைத்து, அதன் மேல் புதிய வில்லையை அமர்த்தினார். இயற்கை வில்லை இருந்த இடமே செயற்கை வில்லைக்கும் ஏற்ற இடம் என்று அவர் கண்டது, இன்றைய அறுவையின் அடிப்படையாக நிலைத்திருக்கிறது.

குறைகளும் இருந்தன. முதல் வில்லையின் திறன் அளவுக்கு மிஞ்சியதாக இருந்ததால், நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. வில்லைகள் கனமானவை; சில இடம் பெயர்ந்தன. கிருமி நீக்கப் பயன்படுத்திய மருந்தின் எச்சம் கண்ணை உறுத்தியது. 1951 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் ரிட்லி தன் பணியை அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவரின் வேலை, வைப்பது அல்ல என்பது அன்றைய மருத்துவ மரபு. பிரிட்டனின் தலைசிறந்த கண் மருத்துவ அறிஞர் ஸ்டீவர்ட் டியூக்-எல்டரும் எதிரணியில் இருந்தார்.

ரிட்லி கைவிடவில்லை. 1966இல் கண் மருத்துவர் பீட்டர் சாய்ஸோடு சேர்ந்து, வில்லை வைப்பவர்களுக்கென ஒரு பன்னாட்டுக் கழகத்தைத் தொடங்கினார். நெதர்லாந்தின் கொர்னேலியஸ் பிங்க்ஹார்ஸ்ட் போன்றோர் புதிய வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் செயற்கை வில்லைகளை ஏற்றது 1981இல். 2000இல் ரிட்லிக்கு சர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே, முதுமையில், அவருடைய இரு கண்களிலும் வில்லை வைக்கப்பட்டிருந்தது. அந்த அறுவை நடந்ததும் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில்தான்.

சிறுத்துப்போன கீறல்

ரிட்லியின் காலத்தில் வில்லையை நுழைக்க, கண்ணில் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத கீறல் வேண்டும்; அதற்குத் தையல் வேண்டும்; பல நாள் படுக்கை வேண்டும். நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் சென்றபோது பற்காறையை அகற்றும் கேளா ஒலிக் கருவியைக் கண்டார். அதே அதிர்வால் புரையையும் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சலாம் என்று எண்ணி, 1967இல் அதைச் செய்து காட்டினார். இன்று ‘ஃபேகோ’ என்று சொல்லப்படும் முறை இதுவே. கீறல் 3 மில்லிமீட்டராகச் சுருங்கியது. ஆனால் 6 மில்லிமீட்டர் வில்லை அந்தத் துளையில் நுழையாது. 1980களில் வந்த மடிக்கும் வில்லை அந்தத் தடையை நீக்கியது. மடித்து உள்ளே செலுத்தினால் அது உறைக்குள் தானாக விரியும்.

இதற்கிடையே, கண்ணின் நீளத்தைக் கேளா ஒலியால் அளந்து, ஒவ்வொருவருக்கும் தேவையான வில்லைத் திறனைக் கணக்கிடும் சூத்திரங்கள் வந்தன. முதல் நோயாளிக்கு நேர்ந்தது போன்ற கிட்டப்பார்வைக் குறை அதனால் தீர்ந்தது. சேவல் கொண்டையிலிருந்து பிரித்தெடுத்த ஹயலுரோனிக் அமிலக் கூழ், அறுவையின்போது கண்ணின் உள்சுவரைக் காக்கும் மெத்தையாக 1980இல் பயன்பாட்டுக்கு வந்தது.

எட்டிய கைகள்

இத்தனையும் வந்த பிறகும் ஏழையின் கண்ணுக்கு வில்லை போய்ச் சேரவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஒரு வில்லை 100 டாலர் அளவுக்கு விற்றது. கண் முகாம்களில் புரையை எடுத்து, சோடா புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவதே வழக்கமாக இருந்தது.

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, கடுமையான மூட்டு வாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் கண் அறுவை மருத்துவராக உழைத்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வில்லையின் விலையே பெரிய தடை என்று கண்டு, அதை இங்கேயே செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. டேவிட் கிரீன் என்பவர் அதற்குத் துணை நின்றார். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. நேபாளத்தின் காத்மாண்டில் கண் மருத்துவர் சந்துக் ருயிட் முன்னெடுத்த தில்கங்கா கண் மருத்துவமனையும் அதே காலத்தில் தன் சொந்த வில்லைத் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. விலை உயர்ந்த ஃபேகோ இயந்திரம் இல்லாமலே தையலற்ற சிறு கீறலில் புரையை எடுக்கும் முறை, இந்த இடங்களில் செம்மைப்பட்டது. மதுரையில் செய்த வில்லைகள் இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

‘செயற்கை வில்லையைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று கேட்டால் ரிட்லி என்பதே சரியான விடை. ஆனால் தேடலின் முடிவில் நான் கண்டது, அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களையும் சேர்த்தால்தான் அது முழு விடையாகும் என்பது. புரை வில்லையில்தான் இருக்கிறது என்று காட்டிய பிரிஸோவும், வலியை நீக்கிய கோலரும் இல்லாமல் ரிட்லியின் கை அவ்வளவு தூரம் போயிருக்காது. மதுரையும் காத்மாண்டும் இல்லாமல் அவருடைய வில்லை உழவரின் கண்ணுக்குப் போயிருக்காது.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ இதுவரை இல்லை. கலங்கியதை எடுத்துவிட்டு வில்லை வைப்பதே தீர்வு. பெரும்பாலானவர்களுக்கு அந்த அறுவை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வீட்டில் உள்ள முதியவர் படியில் தடுமாறினால், ரூபாய் நோட்டை உற்றுப் பார்த்தால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.