பேய் திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்

ஜனவரி 18

பசங்கள் எல்லாரும் பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப இரவாகிவிடும். அதனால் ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இன்று தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்க லைனில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்ன கதை போடலாம் என்று பேசினோம். பயமுறுத்தும் கதையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அழுகிற நாடகத்துக்கும் சிரிக்கிற நாடகத்துக்கும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், பயந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்றான் ஒருவன். சரியாகத்தான் சொன்னான்.

டிராகுலா என்று ஒரு குரல். பழையனூர் நீலி என்று இன்னொரு குரல். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுமே, அதைப் போடலாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். அத்தனை பேய்க்கு நம்மிடம் ஆள் ஏது? கடைசியில் சாத்தனாரின் மணிமேகலையை எடுத்தேன். ஆறாவது காதை, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. மணிமேகலை என்றால் அட்சயபாத்திரம் என்று பள்ளியில் படித்ததோடு நின்றுவிடுகிறோம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைச் சாத்தனார் எழுதியிருப்பதைப் படித்தால் ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து போகக்கூடக் கால் வராது.

கதையைச் சொன்னேன். சார்ங்கலன் என்று ஒரு சிறுவன். தனியாகச் சுடுகாட்டு வழியே போகிறான். வெட்டுண்ட தலை ஒன்றைக் கையில் ஏந்தி, கண்ணைத் தோண்டித் தின்றபடி கூத்தாடும் பேயைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிச் செத்துப்போகிறான். அம்மா கோதமை. கண் தெரியாத கணவனை வைத்துக் காப்பாற்றுகிறவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு மதில் வாயிலுக்கு வந்து, ஊர்த் தெய்வம் சம்பாபதியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள்.

பசங்கள் பேசவில்லை. கதை முடிவாகிவிட்டது.

ஜனவரி 25

லைனில் ஒரு பெரியவர் இருக்கிறார், சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர். விஷயம் காதுக்கு எட்டியதும் நேரே வந்துவிட்டார். “இன்னா டீச்சர், பேய் பிசாசுன்னு புள்ளைங்களக் கெடுக்கிறீங்க? அதெல்லாம் வேணாம்னுதானே எங்க தாத்தா காலத்துலயே சங்கம் வெச்சாங்க?”

அவர் கேட்பதில் இந்த ஊரின் நூறு வருஷம் இருக்கிறது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய நம் ஆட்கள், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன பௌத்தத்தை இங்கே மாரிக்குப்பத்தில் இறுகப் பற்றிக்கொண்டார்கள். எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் இங்கே சாக்கிய பௌத்த சங்கத்தை வளர்த்தார்கள். பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’, அவர் 1914இல் மறைந்த பிறகு நின்று போய், 1926இல் ஜி. அப்பாதுரையார் கையில் தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், வெந்துபோகிற சூட்டில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்து, குளித்து, பத்திரிகை படித்து விவாதம் செய்தவர்களின் பேரன் அவர். அவரிடம் பேய்க் கதை என்று போய் நின்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

புத்தகத்தைப் பிரித்துச் சம்பாபதி சொல்லும் பதிலைப் படித்துக் காட்டினேன். அணங்கும் பேயும் உயிரைத் தின்னாது என்று தெய்வமே சொல்கிறது. பையனுடைய மயக்கத்தைப் பற்றிக்கொண்டு வந்த ஊழ்வினைதான் அவன் உயிரை உண்டது என்கிறது. தமிழ்க் காப்பியங்களிலேயே அச்சம் கூடிய இந்த இடத்தை எழுதியது ஒரு பௌத்தக் காப்பியம். எழுதிவிட்டு, பேய்மேல் பழி போடாதே என்று அதே மூச்சில் சொல்கிறது.

பெரியவர் முதல் பாதிக்குத் தலையாட்டினார். இரண்டாம் பாதியில் நிறுத்தினார். “ஊழ்வினைன்னா? பாறை வெடிச்சி செத்தவனுக்கும் அதான் சொல்லுவாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 1

காதையை இன்று காதால் படித்தோம். ஒருவன் உரக்க வாசிக்க மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, சாத்தனார் சுடுகாட்டைக் காட்டுவதைவிடக் கேட்க வைக்கிறார். எரிக்கிறவர், புதைக்கிறவர், தாழியில் கவிப்பவர் என்று இரவு பகல் ஓயாமல் வந்து போகும் ஆட்களின் இரைச்சல். சாவை ஊருக்குச் சொல்லும் நெய்தல் பறை. துறவிகளுக்காகத் தொழுகிற ஒலி, மற்றவர்களுக்காக அழுகிற ஒலி. நரி ஊளை. கூகை. இத்தனையும் சேர்ந்து கடல் மாதிரி இரைகிறது. பேய் வருவதற்கு முன்பே பையன் பாதி செத்துவிட்டான், காது வழியாக.

அப்படியானால் மேடையில் எதைக் கேட்க வைப்பது? ஸ்பீக்கரில் நரி ஊளை போட்டால் நம் ஜனங்கள் சிரிப்பார்கள். இந்த ஊரின் பயம் எந்தச் சத்தத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பதில் பசங்களிடமிருந்து வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் ஆயா சொன்னார்: “ஏர் பிளாஸ்ட்டு அடிக்கசொல்ல பாத்திரம் ஆடும்.”

வெட்டி எடுத்து வெறுமையான இடத்தைச் சுற்றி, பாறை அத்தனை ஆழத்தின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் திடீரென்று வெடிக்கும். கீழே வெடித்தால் மேலே வீடு குலுங்கும். தட்டி வீட்டுப் பலகையில் அடுக்கிய டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று நடுங்கும். அந்தச் சத்தம் நிற்கும் முன்னே பெண்கள் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள், யார் புருஷன், யார் பிள்ளை என்று தெரிந்துகொள்ள.

ஒரு பலகை கொண்டுவந்தோம். எவர்சில்வர் டம்ளர்களை நெருக்கி அடுக்கி, கீழிருந்து மணிக்கட்டால் மெல்ல இடித்துப் பார்த்தோம். ஓங்கி இடித்தால் சமையல்கட்டுச் சத்தம்தான் வருகிறது. பலகையின் ஒரு முனையை மட்டும் பிடித்து, விரல் நுனியில் அதிர்வு கொடுத்தால் முதலில் ஒரு டம்ளர், பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு வரிசை முழுக்க. எங்கிருந்து வருகிறது என்று புலப்படாது. ஆயா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். “நிறுத்துங்கடா” என்றார்.

நம் பேய் வரும்போது இந்தச் சத்தம் வரும்.

பிப்ரவரி 3

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர், தமிழ் நாடகத்துக்கே வாத்தியார். இளமையில் அவர் கட்டிய வேஷங்கள் எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் பார்த்துப் பயந்து இறந்துபோனதாகச் சொல்வார்கள். சாவித்திரி நாடகத்தில் அவருடைய எமனைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டுக் கற்றுக்கொடுக்கவும் எழுதவும் உட்கார்ந்துவிட்டாராம்.

கிரேக்கத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் பழிவாங்கும் தேவதைகளை மேடையில் ஏற்றியபோது குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள், பெண்களுக்குக் கரு கலைந்தது என்று அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. நடந்ததா இல்லையா என்பதைவிட, இரண்டு ஊரிலும் அதை ஒரே மாதிரி சொல்லி வைத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நல்ல நடிப்பு எது என்று கேட்டால், தாயையும் பிள்ளையையும் தொட்டுவிடுவது என்று இரண்டு இடத்து ஜனங்களும் நினைத்திருக்கிறார்கள். சுவாமிகள் வேஷத்தைக் கைவிட்டதை நான் மதிக்கிறேன். பயமுறுத்தத் தெரிந்தவனுக்கு யாரைப் பயமுறுத்துகிறோம் என்ற கவலை வேண்டும். நம் ஆயா எழுந்து நின்றதை நினைத்துக்கொண்டேன். அவரிடம் போய்ப் பேச வேண்டும்.

பிப்ரவரி 8

பேசினேன். சத்தம் இருக்கட்டும், ஆனால் கோதமையாக நடிக்கும் பெண்ணுக்கு அழக் கற்றுக்கொடுக்கத் தான் வருவேன் என்றார். வந்தார்.

கோதமையாக நடிப்பவள் தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் பெண். டி.வி. சீரியல் மாதிரி விம்மினாள். ஆயா தலையில் அடித்துக்கொண்டு, “அரிச்சந்திரா கூத்து பாத்ததில்லியா நீ?” என்றார். வடஆற்காட்டுக் கூத்தில் மயான காண்டம் தெரியாதவர் அந்தத் தலைமுறையில் இல்லை. பாம்பு கடித்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி காசிச் சுடுகாட்டுக்கு வருவாள். காவல் நிற்கும் அரிச்சந்திரன், தன் பிள்ளை என்று தெரியாமல் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்பான். சந்திரமதி அழும்போது நடுநடுவே கணக்குப் பேசுவாள், கெஞ்சுவாள், கோபப்படுவாள். ஒரே சுருதியில் அழுகிறவள் துக்கப்படவில்லை என்பது ஆயா சொன்னதன் சாரம். “அழுவும்போதுதான்மா நல்லா ஞாபகம் வரும். யார்கிட்ட கடன் வாங்கினோம்ங்கிறதுகூட வரும்.”

வீட்டுக்கு வந்து இரண்டு சுடுகாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்திரமதி, கோதமை. இரண்டிலும் முதலில் நம்மைப் பிடிப்பது இருட்டும் பிணமும். பயந்துபோய் உள்ளே போகிறோம். உள்ளே நமக்காகக் காத்திருப்பவள் பிள்ளையைச் சுமந்த ஒரு தாய். நம் மரபில் பேய்க்கு இதுதான் வேலை என்று தோன்றுகிறது: நம்மை அவளிடம் கொண்டுவந்து சேர்ப்பது. பகலில், பந்தலில் அவளைப் பார்த்தால் ஐயோ பாவம் என்று தாண்டிப் போய்விடுவோம். நடுங்கிக்கொண்டு வந்தவனால் தாண்டிப் போக முடியாது.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. லோகிதாசன் எழுந்துவிடுவான். சார்ங்கலன் எழுவதில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு, கண் தெரியாத என் கணவனை இவன் காப்பான் என்கிறாள் கோதமை. முடியாது என்கிறது தெய்வம். சக்கரவாளத்துத் தேவர்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து முடியாது என்று சொல்ல வைக்கிறது. புத்தரிடம் செத்த பிள்ளையோடு வந்த கிசா கோதமிக்கும் பிள்ளை திரும்பவில்லை.

பிப்ரவரி 19

மாசி அமாவாசைக்கு வேலூர் போய் மயானக் கொள்ளை பார்த்துவிட்டு வந்தேன். பாலாற்றங்கரையில் அவ்வளவு கூட்டம். அங்காளம்மனாக, காளியாக வேஷம் கட்டியவர்கள் நீட்டிய நாக்கோடு வரும்போது குழந்தைகள் அலறுகின்றன. தாய்மார்கள் அலறுகிற குழந்தையைத் தூக்கி அந்த வேஷத்தின் காலடியிலேயே ஆசீர்வாதத்துக்குக் கிடத்துகிறார்கள். நான் இதற்குமேல் ஒன்றும் எழுதப்போவதில்லை. பார்த்தது உடம்பிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 22

பேய்க்கு என்ன வேஷம் என்று சண்டை. ‘தங்கலான்’ படத்தில் வரும் ஆரத்தி என்ற பாத்திரம் மாதிரி மேக்கப் போடலாம் என்கிறார்கள். நம் ஊர்க் கதையையே எடுத்த படம், ஆசை வருவது இயல்பு. ஆனால் சினிமாவோடு போட்டி போட்டால் தோற்போம்.

கூத்தில் திரை பிடிப்பதைக் காட்டினேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனனோ துச்சாதனனோ பின்னால் நின்று ஆடுவார்கள். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், ஒரு கை வந்து திரையைப் பற்றிக் குலுக்கும். திரை எடுப்பதற்கு முன்னாலேயே பாதி ஆட்டம் முடிந்திருக்கும். எங்கள் பேய்க்கு அந்தத் திரை கடைசி வரை எடுக்கப்படாது. துணிக்கு மேலே ஒரு கை, அதில் ஒரு தலை. அவ்வளவுதான். பையன் மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பான். நாம் அவன் முகத்தைப் பார்ப்போம்.

பெரியவருடைய கேள்விக்கும் இன்று ஒரு வழி கிடைத்தது. சம்பாபதியின் வரியை வெட்டவில்லை. சாத்தனார் எழுதியதை நமக்குப் பிடிக்கவில்லை என்று வெட்ட எனக்கு உரிமை இல்லை. ஊழ்வினை என்று தெய்வம் சொன்னதும் கோதமை உடனே பேசாமல், தெய்வத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அவர்கள் பதில் சொல்லட்டும். அதன் பிறகுதான் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லும் இடம்.

மார்ச் 1

ஆடியாகிவிட்டது. நேற்று பிப்ரவரி 28; 2001இல் சுரங்கத்தை மூடிய தேதி. அதனாலோ என்னவோ ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாயைக் கொண்டுவந்து முன்வரிசையில் போட்டுக்கொண்டார்கள்.

டம்ளர் நடுங்க ஆரம்பித்ததும் பின்னால் நின்ற பசங்களின் பேச்சு நின்றது. முன்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிற பழைய கை. திரை குலுங்கியபோது குழந்தைகள் வீறிட்டன, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சார்ங்கலன் விழுந்த பிறகு நடந்தது. கோதமை வருவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, விழுந்து கிடந்த பையனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாடகம் என்று தெரியாமல் இல்லை. தரையில் கல் இருந்தது, பையனுக்குக் குத்துமே என்று நினைத்தேன் என்றார் பிறகு. எங்கள் கோதமை, நல்ல பெண், தடுமாறவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த மடியிலிருந்தே பிள்ளையை வாங்கிக்கொண்டு வசனத்தைத் தொடங்கினாள்.

ஊழ்வினை என்ற சொல் வந்ததும் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பெரியவர் எழுந்து, “இல்லம்மா” என்றார். சத்தமாக இல்லை, ஆனால் கேட்டது.

மார்ச் 2

அடுத்த ஆட்டத்துக்குக் குறிப்பு. ஆண்டர்சன்பேட்டையில் கூப்பிட்டிருக்கிறார்கள். பலகையைத் திரையிலிருந்து இன்னும் தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். பறை அடிப்பவர் கோதமையின் முதல் வசனத்தை மூழ்கடித்துவிட்டார், அங்கே நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கட்டும். பையன் விழுகிற இடத்தில் கல்லைப் பொறுக்கிவிட்டுக் கோணி விரிக்க வேண்டும். விழுந்ததற்கும் கோதமை வருவதற்கும் நடுவே இன்னும் கொஞ்சம் நேரம் விட வேண்டும், அங்கேயும் யாராவது எழுந்து வருவார்களா என்று பார்க்க வேண்டும். பெரியவர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால், மணிமேகலை யார், சங்கம் யார் வைத்தது என்று பத்து நிமிஷம் பேசுவாராம். பேசட்டும்.