பெரிய மாஸ்

தெருவில் ஏதாவது ஒரு பொடிசு "மாஸ்!" என்று கத்தினால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

ஜார்ஜிய மொழியில் ஆசிரியரை 'மாஸ்த்ஸாவ்லெபெலி' என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்துவிடும் என்பதாலோ என்னவோ, பிள்ளைகள் 'மாஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் இருபது குரல்கள் ஒன்றாக அப்படிக் கூப்பிட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாயங்காலம் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "டேய், அக்கா இங்க மாஸ்டா."

திரும்பிப் பார்க்கிற இன்னொருவர் நான் தங்கியிருந்த வீட்டம்மா. அதே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமாக ரஷ்ய மொழி ஆசிரியை. மனசுக்குள் அவருக்குப் பெரிய மாஸ் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

2018 செப்டம்பரில் போனேன். கிழக்கு ஜார்ஜியாவில் காகேதி என்கிற திராட்சைச் சீமை. இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு வெள்ளைக்காரி வருவாள் என்று காத்திருந்தவர்களுக்கு நான் போய் இறங்கினேன். ஆனால் அது அறுவடைக் காலம். யாருக்கும் ஏமாற்றப்படக்கூட நேரமில்லை. இரண்டாம் நாளே கையில் கத்தரியையும் வாளியையும் கொடுத்துக் கொடிக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். பிழிந்த சாற்றை க்வெவ்ரி என்கிற பெரிய மண்தாழியில் ஊற்றினார்கள். தாழி கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்திருந்தது. நான் ஆதிச்சநல்லூர் பக்கத்துக்காரி. புதைந்த தாழியைப் பார்த்தால் எனக்கு வேறு ஞாபகம் வரும். சொல்லவில்லை. விருந்தாடப் போன வீட்டில் எதுக்கு?

குளிர்காலம் வந்ததும் குடும்பம் முழுக்க ஒரே அறைக்குள் சுருண்டுகொண்டது. நடுவில் விறகு எரிகிற இரும்பு அடுப்பு. அதன் பேர் பேச்சி. எங்கள் குலசாமி பேரும் அதுதான் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? அந்த அறையில்தான் சாப்பாடு, டிவி, பரீட்சைத்தாள் திருத்துவது எல்லாம். பெரிய மாஸ் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் தள்ளுவார்.

"ச்சாமே, தெதா."

ச்சாமே என்றால் சாப்பிடு. தெதா என்றால் அம்மா. நம்ம ஊர் 'சாப்பிடும்மா' மாதிரியே இருக்கிறதே என்று முதலில் உருகிப்போனேன். பிறகு ஒருநாள் திபிலீசியில் வேலைபார்க்கும் மகனிடம் போனில் பேசும்போது அவனையும் 'தெதா' என்றார். தாடி வைத்த, முப்பது வயது ஆம்பளையை. அங்கே அம்மா தன் பிள்ளையைக் கூப்பிடுவது தன்னுடைய பேரைக் கொண்டுதான். அப்பாவும் பிள்ளையை 'மாமா' என்பார். ஆமாம், அங்கே அப்பாவுக்குப் பேர் மாமா. நாம் மகளை அம்மா என்பது அவள் பொம்பளைப்பிள்ளை என்பதால். அவர் என்னைத் தெதா என்றது, தான் அம்மா என்பதால்.

இன்னொரு சொல், கெனத்ஸ்வாலே. செல்லமாக, பேச்சுக்குப் பேச்சு சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் 'உன் இடத்தில் நான் இருக்கிறேன்' என்று வரும். உன் கஷ்டம் எனக்கு வரட்டும் என்கிற மாதிரி. நம் பாட்டிகள் நெட்டி முறிப்பார்களே, அது.

நவம்பரில் சக ஆசிரியை ஒருத்தி டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். முன்பெல்லாம் பெரிய மாஸுக்கு வாரம் இருபத்துநாலு பாட நேரமாம். இப்போது ஏழு. பாட நேரம் குறைந்தால் சம்பளமும் குறையும். அதனால்தான் வீட்டில் ஆள் வைத்துக்கொள்ளச் சம்மதித்தாராம்.

எனக்கு டீ இறங்கவில்லை.

நடந்தது இதுதான். சோவியத் காலத்தில் ரஷ்ய மொழி தெரிந்தால்தான் பிழைப்பு. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு போர். 2010இல் அரசாங்கம் ஆங்கிலம் பேசுகிறவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம். ஊரில் பெரியவர்கள் ரஷ்ய மொழியில் பேசினால் பிள்ளைகள் முழிக்கும். இந்தக் கணக்கில் ரஷ்ய மொழிமேல் எனக்கு ஒரு அனுதாபமும் இல்லை. இந்திக்கு எதிராக 1965இல் ஊர்வலம் போன தாத்தாவின் பேத்தி நான். 1978இல் ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழி அந்தஸ்தைக் காப்பாற்ற திபிலீசி தெருக்களில் இறங்கியவர்கள்மேல் எனக்கிருப்பது சொந்தக்காரப் பாசம். பெரிய மாஸும் அப்படித்தான். ரஷ்ய ராணுவத்தை வாய் நிறையத் திட்டுவார். திட்டிவிட்டுப் போய் ஏழு மணி நேரப் பாடத்துக்கு நோட்ஸ் எழுதுவார்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அவரைச் சின்னதாக்குகிற மாதிரி இருக்கும். கேட்கவில்லை.

ஜனவரியில் அவராகவே ஒரு புது நோட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். இங்கிலீஷ் கற்றுக்கொடு. இரண்டு வாரம் நடந்தது. 'தி' எங்கே வரும், 'எ' எங்கே வரும் என்பதில் முட்டிக்கொண்டோம். அந்தச் சனியன் ஜார்ஜியத்தில் இல்லை, ரஷ்யனில் இல்லை, தமிழிலும் இல்லை. ஏன் என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல்விட்டு எண்ணுவதைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் நோட்டை மூடிவைத்தார். அதற்குப்பின் அதை நான் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். "அந்த ரஷ்யப் புக்கு இருக்காப்பா, ஐத்மாத்தவ்? முன்னாடி பக்கமும் பின்னாடி பக்கமும் போட்டோ அனுப்புங்க." 'முதல் ஆசிரியர்'. கிர்கீசியக் கிராமத்தில் குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக மாற்றியவனின் கதை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி எங்கள் ஊர்வரை வந்தது. அப்பா கல்லூரிக் காலத்தில் வாங்கியது.

போனைப் பெரிய மாஸிடம் நீட்டினேன். தமிழ் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ரஷ்ய மொழி அச்சு விவரம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கி, சத்தமாக வாசித்தார்.

"நா தமீல்ஸ்கம் யஸிகே."

தமிழ் மொழியில், என்று அர்த்தமாம். என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். 'ல்' மென்மையாக வரணும், நாக்கை மேலே ஒட்டு என்று தன் வாயைத் திறந்து காட்டினார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் தப்பு.

பேச்சிக்குள் விறகு வெடித்தது. பெரிய மாஸ் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். மறுபடி.