கிம்புலா பணிஸும் நம்ம பிள்ளைகளின் சிங்களமும்



தவணைப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு 80 புள்ளி எடுத்த பிள்ளை, உம்மாவோடு கிளினிக்குக்குப் போனால் வாய் திறக்காமல் நிற்கிறது. "கொஹெத ரிதென்னே?" என்று நேர்ஸ் கேட்கிறார். எங்கே நோகுது என்பதுதான் கேள்வி. அந்தச் சொல் பிள்ளையின் கொப்பியில் இருக்கிறது, காதில் இல்லை.

1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழில் பதில் கேட்க நமக்கு உரிமை உண்டு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இரவு 2 மணிக்கு வார்டில் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி ஓடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

தரம் 6 பிள்ளைகளுக்கு நான் முதல் மாதம் எழுத்தே படிப்பிப்பதில்லை. சாப்பாட்டில் தொடங்குவேன். "கிம்புலா பணிஸ் தின்னாத ஆள் யார்?" ஒரு கையும் உயராது. கிம்புலா என்றால் முதலை என்று சொன்னதும் வகுப்பு கலகலத்துப் போகும். இத்தனை நாளும் முதலையைத்தான் தின்றிருக்கிறோம்! பிறகு கிரிபத், மாலு பாண், பொல் சம்பல், லுணு மிரிஸ். பால், சோறு, மீன், தேங்காய், உப்பு, மிளகாய் எல்லாம் வந்துவிட்டன. பாடமாக்கச் சொல்லவே தேவையில்லை, ஏற்கனவே வாயில் இருந்த சொற்கள்தானே.

அடுத்தது உறவுமுறை. நம்மில் பல ஊர்களில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா. மல்லி நமக்குக் கொத்தமல்லி, அவர்களுக்குத் தம்பி. "என்ட தாத்தாவுக்குக் கல்யாணம்" என்று சிங்களக் கூட்டாளியிடம் சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்று கேட்பேன். அந்தப் பாடத்தை ஒரு பிள்ளையும் மறந்ததில்லை.

இலக்கணம் கஷ்டம் என்று பயப்படுகிறார்கள். "மம கெதர யனவா" - நான் வீட்டுக்குப் போறேன். சொல் வரிசை அப்படியே நம்முடையதுதான். இன்னும் லேசு, பேச்சில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் "யனவா" மாறாது. எழுத்துச் சிங்களத்தில்தான் மம யமி, அபி யமு என்று வால் மாறும். அந்த வாலை முதல் நாளே பிடிக்கக் கொடுத்தால் பிள்ளை பயந்து ஓடாமல் என்ன செய்யும்? பேச்சு வந்த பிறகு அதைப் படிப்பிக்கலாம், பரீட்சைக்கும் அது போதும்.

எங்கள் வகுப்பில் அதிகம் விரும்பும் விளையாட்டு ஆஸ்பத்திரி விளையாட்டு. ஒருவர் வைத்தியர், மற்றவர்கள் வரிசையில் நோயாளிகள். "கொஹெத ரிதென்னே?" என்றால் இடத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும்: ஒளுவ ரிதெனவா, பட ரிதெனவா, ககுல ரிதெனவா. தலை, வயிறு, கால். ஒரு குறும்பன் தரையில் விழுந்து "ஒக்கொம ரிதெனவா!" என்றான். எல்லாமே நோகுதாம். அந்தச் சொல்லை நான் படிப்பிக்கவில்லை, எங்கேயோ கேட்டுப் பிடித்திருக்கிறான். அதற்குப் பிறகு வகுப்பில் எல்லோருக்கும் "ஒக்கொம"தான்.

வியாழக்கிழமைகளில் 'கடே' போடுவோம். கடை என்பதும் கடே என்பதும் ஒன்றுதான், சல்லியும் இரண்டு பக்கமும் சல்லிதான். "மட்ட பாண் தெகக் ஓனே." "கீயத?" "பனஹய்." விலை சொல்லத் தெரியாத கடைக்காரருக்கு அன்று வியாபாரம் இல்லை. பிழையாகச் சொன்னால் நான் இடையில் நிறுத்தித் திருத்துவதில்லை. சாமான் கைக்கு வந்ததா, அதுதான் கணக்கு. வாய் திறந்த பிள்ளையை அந்த இடத்திலேயே திருத்தினால் அடுத்த வியாழன் அது கடைக்கே வராது.

கொப்பி வெறுமையாக இருக்கிறது, என்னதான் படிப்பிக்கிறீர்கள் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் பிள்ளையிடம் வயிறு நோகுது என்பதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். சிங்களக் கடைக்குப் போனால் ஒரு சாமானையாவது பிள்ளை கேட்டு வாங்கட்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா நில்லுங்கள்.

இன்னொன்று. மூன்று மொழியிலும் அச்சடித்த பிஸ்கட், பால்மா, சவர்க்காரப் பெட்டிகள் வெறுமையானால் எறிய வேண்டாம், பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள். வரும் மாதம் இன்ஷா அல்லாஹ் எழுத்துத் தொடங்குகிறோம், அந்தப் பெட்டிகளில்தான் வாசிக்கப் போகிறோம். கடையிலும் சாமான் குறைவு. கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.