பக்கத்தில் வைத்தால்தான் கணக்கு

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் பாவு, ஊடை, சரிகை எல்லாமே எடைக் கணக்குதான். நெசவாளர் வாங்கிப்போன எடையும் புடவையாகத் திரும்பிய எடையும் நோட்டில் அருகருகே இருந்தால் வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

ஒப்பிட வேண்டிய எண்களை அருகருகே வைப்பதுதான் அட்டவணைக்கும் முதல் விதி.

அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளலாம். நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்த்து 2009-10இல் 43.31 லட்சம் பேர், 2019-20இல் 35.22 லட்சம். அறிக்கையின் நீண்ட பத்திக்குள் இது புதைந்தால் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஒரே நெடுவரிசையில், புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வரும்படி எழுதினால் 8.09 லட்சம் குறைந்தது பளிச்சென்று தெரியும். ‘லட்சம்’ என்பது தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும். கட்டத்துக்குக் கட்டம் கோடும் வேண்டாம்.

நெசவாளர் சங்கங்களுக்கு ஆண்டறிக்கை தயாரிப்பவர்கள் இந்த முறை இதைச் செய்து பாருங்கள்.