ரொட்டிக்கு உகந்த தேநீர் எது?

மேனாட்டார் விருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. செந்நிறத் திராட்சை மதுவைக் கிண்ணத்தில் சிறிதளவு வார்ப்பர்; அதன் நிறத்தை வெளிச்சத்தில் பார்ப்பர்; மூக்கருகே கொண்டு சென்று முகர்வர்; அதன் பின்னரே நாவில் இடுவர். இன்ன மதுவுக்கு இன்ன இறைச்சி என்று பொருத்தம் பார்ப்பதில் அவர்கள் காட்டும் அக்கறை, நம்மவர் கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. அண்மையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எமது மைத்துனர், மலிவான மதுவிலும் நல்லதைத் தெரிந்தெடுக்கும் விதத்தை அரை மணி நேரம் விளக்கினார். நாம் கேட்டு நகைத்தோம். நகைத்து முடித்த பின்னரே எமக்கு வெட்கம் உண்டாயிற்று. வத்தேகமையில் பிறந்து, தேயிலைச் செடிகளின் நடுவே வளர்ந்து, நாளொன்றுக்கு நான்கு முறை தேநீர் அருந்தும் நாம், ஒரு நாளாவது அதனை நின்று நிதானித்துச் சுவைத்ததுண்டா?

வத்தேகமை, கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ள சிறு நகரம். இங்கிருந்து பன்வில, மடுல்கலை நோக்கி வீதி ஏற ஏற, இரு மருங்கும் தேயிலை மலைகளே கண்ணில் படும். நம் முன்னோர் 'கண்டிச் சீமை' என்று சொல்லிப் புறப்பட்டு வந்த சீமை இதுதான். இலங்கைத் தேயிலையின் தொட்டிலும் இதுவே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர், கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றிப் பரவவே, கோப்பி அழிந்த மலைகளிலெல்லாம் தேயிலை குடியேறியது. 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்று முதல் நம் மலைத் தேயிலையைச் சுவைத்து விலை மதிப்பதையே தொழிலாகக் கொண்டோர் தலைநகரில் இருந்து வருகின்றனர். சுவைக்கும் கலை நமக்குப் புதிதன்று. நம் வீட்டுக்குள்தான் அது வரவில்லை.

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சோதனை நடத்தத் துணிந்தோம். எமது வருவாய்க்கு எட்டிய விலையில் நூறு கிராம் பொட்டலங்கள் நான்கு வாங்கினோம். கண்டிப் பகுதி பீ.ஓ.பீ. ஒன்று, நுவரெலியா பீ.ஓ.பீ. ஒன்று, இரத்தினபுரிப் பக்கத்து நீண்ட இலைத் தேயிலை ஒன்று, நாலாவது, எல்லா வீட்டிலும் உள்ள 'டஸ்ட்' என்னும் தூள்.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். பீ.ஓ.பீ. என்பதும் டஸ்ட் என்பதும் தேயிலையின் துகள் அளவைக் குறிப்பனவேயன்றிச் சுவையைக் குறிப்பனவல்ல. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாற விட்டு, சூடேற்றி உலர்த்தியபின் சல்லடைகளில் சலிப்பார்கள். பெரிய துண்டு ஒரு பெயரும் சிறிய துண்டு வேறு பெயரும் பெறுகின்றன. தூளில் நீர் படும் பரப்பு மிகுதி; ஆதலின் அது விரைவிற் சாயம் இறங்கிக் கடுமையாக நிற்கும். சுவை வேறுபடுவதற்கு மலையின் உயரமும் ஒரு காரணம். 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 4000 அடி வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். தாழ்நிலத்தது கரிய நிறமும் வலிமையும் உடையது; நுவரெலியாவினது வெளிர் பொன்னிறமும் மெல்லிய மணமும் உடையது; நம் கண்டித் தேயிலை செம்பின் நிறமும் வாய் நிறைந்த சுவையும் கொண்டு இரண்டுக்கும் நடுவே நிற்பது.

சுவைக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை. மூடி வைத்து ஆறு நிமிடம். 1980இல் சர்வதேச தர நிறுவனம் வகுத்த அளவு இது. பொன் நிறுக்கும் தராசை நகைக்கடையில் இரவல் கேட்கத் துணிவின்றித் தேக்கரண்டியே போதுமென்று விட்டோம். பால் இல்லை, சீனி இல்லை. முதலில் உலர்ந்த இலையைப் பார்த்து, பின் நனைந்த இலையை முகர்ந்து, இறுதியில் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்ச வேண்டும். காற்றோடு கலந்தால்தான் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும். சுவைத்ததை விழுங்காமல் துப்பிவிடுவது தொழில்முறைச் சுவைஞர் வழக்கம்.

அங்கேதான் எமது அப்பாயி குறுக்கிட்டார். "குடிக்கிறதைத் துப்புறதுக்கா ராசா காய்ச்சினீங்க?" என்றார். அப்பாயிக்கு வயது எண்பத்திரண்டு. மலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவர் முன்னே துப்புவதற்கு எமக்கும் மனம் வரவில்லை, விழுங்கினோம்.

நான்கு கிண்ணங்களையும் பெயர் சொல்லாமல் அவர் முன் வைத்தோம். தூளை ஒரு வாய் அருந்தி, "இது நம்ம தேத்தண்ணி" என்றார். இரத்தினபுரியதைச் சுவைத்துத் தலையசைத்தார். நுவரெலியாவுக்கு, "தண்ணி மாதிரி இருந்தாலும் வாசம் நல்லாருக்கு" என்பது தீர்ப்பு. கண்டித் தேயிலையை அருந்தியதும் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"இது எந்த மலைக் கொழுந்து?"

"நம்ம மலைப் பக்கந்தான் அப்பாயி."

"ரெண்டு எலையும் ஒரு மொட்டுமா பாத்துப் பாத்துக் கிள்ளினோம். அது இப்படி இருக்கும்னு தெரியாமப் போச்சே."

அதற்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. அவர் வேலை செய்த தோட்டத்தில் மாதந்தோறும் கிடைத்த பொட்டலத்தில் இருந்தது தூள். தூளை நாம் இகழவில்லை. பாலுக்கு அதனினும் சிறந்தது இல்லை. ஆயினும் தாம் பறித்த கொழுந்தின் மற்றைச் சுவைகளை அறியும் வாய்ப்பு அவருக்கு எண்பத்திரண்டாவது வயதில்தான் கிட்டியது. அதுவும் வெளிநாட்டு மது பற்றிய ஒரு வீண் பேச்சினால்!

அடுத்து உணவுப் பொருத்தம் பார்த்தோம். செந்திராட்சை மதுவிலும் தேநீரிலும் துவர்ப்பைத் தருவன ஓரினப் பொருள்களே. அவை உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு சேர்ந்து நாவை வறளச் செய்யும். கொழுப்புணவின் பின் வாய்க்குத் துப்புரவு தரும். எண்ணெயில் பொரித்த பருப்பு வடைக்கு இரத்தினபுரித் தேயிலை வெகு பொருத்தம். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கண்டி வெறுந்தேநீர் அருந்துவது அதனினும் சிறப்பு. நுவரெலியாவோடு வாழைப்பழமோ வெறும் பிஸ்கட்டோ போதும். மசாலை அதன் மணத்தை விழுங்கிவிடும். மிளகாய் மிகுந்த கட்டைச் சம்பலோடு சுடச்சுட வெறுந்தேநீர் குடித்தால் எரிவு இருமடங்காகும். அங்கே பால் கலந்த தூள் தேநீரே நண்பன். பாலிலுள்ள புரதம் துவர்ப்பையும் தணிக்கும், மிளகாய்க் காரத்தையும் கழுவிச் செல்லும்.

இவையனைத்திலும் மேலானது, தேங்காய் ரொட்டியும் கண்டித் தேநீரும் என்பது எம் வீட்டாரின் ஏகமனதான முடிபு.

நிற்க. அந்த முடிபுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. சில வாரங்களாக அப்பாயிக்குத் தலைசுற்றல் இருந்தது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தச்சோகை என்றார், வேண்டிய சோதனைகளுக்கும் மாத்திரைகளுக்கும் எழுதித் தந்தபின், "சாப்பாட்டோடு என்ன குடிப்பீர்கள்?" என்று வினவினார். காலையில் ரொட்டியோடு தேநீர், பகலில் சோற்றின் கையோடு தேநீர் என்பதை அப்பாயி பெருமையோடு சொன்னார். துவர்ப்பைத் தரும் அதே பொருள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும் என்று வைத்தியர் விளக்கினார். நாவுக்குப் பொருத்தமான சோடி, இரத்தத்துக்குப் பொருந்தாத சோடியாய் முடிந்தது. இறைச்சியும் மீனும் அருமையாக உண்போருக்கு இந்த இழப்பு பெரிது. தேயிலை மலைகளில் பாடுபடும் எத்தனையோ பெண்களின் உணவு அத்தகையதே அன்றோ?

தேநீரை விட்டுவிட வேண்டுமா என்று அப்பாயி கலங்கினார். வேண்டியதில்லை, உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும் என்றார் வைத்தியர். கீரையிலும் பருப்பிலும் தேசிக்காய் பிழிந்து கொண்டால் இரும்பு நன்கு சேரும் என்பதும் அவர் சொன்னதே.

இப்பொழுது எம் வீட்டில் காலை ஏழு மணிக்கு ரொட்டியும் சம்பலும், எட்டு மணிக்குக் கண்டித் தேநீரும் கருப்பட்டித் துண்டும். ஒருவருக்கு ஒரு கிண்ணம். அவசரமில்லை, ஆற அமர அருந்துகிறோம். விலை உயர்ந்த தேயிலை அன்று. ஆனால் எதை அருந்துகிறோம் என்று அறிந்து அருந்துகிறோம். நேயர்களும் ஒரு ஞாயிறன்று இரண்டு பொட்டலங்களை வாங்கி, வீட்டில் மூத்தவரை நடுவராக வைத்துப் பாருங்கள். மலையில் பாடுபட்டவராயின் முதற் கிண்ணம் அவருக்கே உரியது.

ரொட்டிக்கு உகந்த தேநீர் எது என்று எம்மைக் கேட்டால், ரொட்டி உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்தும் தேநீரே என்போம். அந்த ஒரு மணி நேரமும் எமது அப்பாயி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எட்டாச்சா ராசா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.