கல் முந்தியது, பேச்சு பிந்தியது

பிப்ரவரி 2018

சென்னை - சேலம் எட்டு வழிச்சாலை அறிவிக்கப்பட்டது. சுமார் 277 கி.மீ., 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள். பயண நேரம் பாதியாகும் என்றது அரசு. வழியில் உள்ள விவசாயிக்கு முதலில் தெரியவேண்டியது வேறு: தன் சர்வே எண் அதில் வருகிறதா?

ஜூன் 2018

வருவாய்த் துறையினர் போலீஸ் பாதுகாப்போடு வயலில் இறங்கினார்கள். அளந்தார்கள்; கல் நட்டார்கள். கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவே கல் விழுந்தபோதுதான் எது போகிறது, எது மிஞ்சுகிறது என்பது பல குடும்பங்களுக்குப் புரிந்தது. பெண்கள் மறித்து நின்று அழுதார்கள். சில ஊர்களில் நட்ட கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். எதிர்த்துப் பேசிய சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் நடிகர் மன்சூர் அலிகானும் கைதானார்கள்.

சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுக்கும் நிலத்துக்குக் கட்டாயமில்லை. நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும், அந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிப்பு வந்தபின் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க 21 நாள், அவ்வளவுதான். அதனால்தான் நில எடுப்பு அலுவலர் சட்டம் கேட்காததையும் செய்யவேண்டியிருக்கிறது: வரைபடத்தோடு ஊர்ச்சாவடிக்குப் போய் உட்கார்ந்து, பட்டாதாரரிடம் மட்டுமல்ல, குத்தகைக்காரரிடமும் கூலிக்காரரிடமும் பேசவேண்டும்.

செப்டம்பர் 8, 2018

விவசாயிகளைச் சந்திக்கத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த ஸ்வராஜ் இந்தியா தலைவர் யோகேந்திர யாதவைப் போலீசார் தடுத்து, பிடித்து வைத்தார்கள். கேட்க வந்தவருக்கே இந்தக் கதி என்றால், அதிகாரி கூப்பிடும் கூட்டத்துக்கு யார் நம்பி வருவார்?

ஏப்ரல் 8, 2019

நில எடுப்பு அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் விவசாயிகளின் பெயரை எடுத்துவிட்டு மாற்றி எழுதியிருந்த வருவாய்ப் பதிவேடுகளை எட்டு வாரத்துக்குள் பழையபடி திருத்தச் சொன்னது.

டிசம்பர் 8, 2020

மேல்முறையீட்டில், 3ஏ அறிவிப்பு செல்லும், அதற்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் பதிவேட்டில் விவசாயியின் பெயரை மாற்றியது தவறு என்பதை அதுவும் ஏற்றது. நிலம் சட்டப்படி கைமாறும் முன்பே பெயரை எடுத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு இழப்பீடு பேசப் போவது?

திட்டம் அறிவிக்கப்பட்டதற்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் போய்விட்டன. அடுத்த சாலைக்குத் திட்டம் போடும் துறை, அளவை நாடாவை எடுக்கும் முன் தடத்தின் சர்வே எண்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். கிராம சபையைக் கூட்டி, மாற்றுத் தடம் உண்டா என்று ஊராரிடம் கேட்கட்டும்.