கூதிர்காலக் குற்றாலம்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் தையல் பொறிகள் தொடர்ந்து சில நாள் ஓய்வது தீபாவளிக்கும் பொங்கலுக்குந்தான். இம்முறை தீபாவளி விடுமுறையில் குற்றாலம் செல்வதென முடிவு செய்தோம். எத்தனை நாள் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. வழியோ 300 கிலோமீட்டருக்கு மேல். பீஸ் ரேட்டில் தைக்கும் எங்கள் தம்பிமார்க்கு நாளொன்று கூடினால் கூலியொன்று குறையும். ஆகவே, காலையில் சென்று இரவே திரும்பலாம் என்றனர்.

ஆனி, ஆடிச் சாரலுக்கு அக்கணக்கு ஒருவாறு பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை அவ்வாறன்று. மலைமேல் இரவெல்லாம் கொட்டிய மழை விடியுமுன் சிற்றாற்றில் இறங்கிவிடும். பேரருவியின் வேகத்தைப் பொங்குமாகடல் என்னும் பாறைப்பள்ளம் இடையில் ஏந்தித் தணிக்கிறது. அதனையும் மீறும் வெள்ளமெனில் குளிக்கத் தடைதான். 2024 டிசம்பரில் அத்தகைய பெருவெள்ளம் வந்தது. அவ்வாண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர்ப் பெருக்கு 17 வயதுப் பிள்ளையொருவரைக் கொண்டு போயிற்று. பொங்கலுக்குச் செல்லலாமெனில், அதற்குள் நீர் மெலிந்துவிடும்.

ஒரு நாள் மட்டும் கையிலிருப்பவன் தடைக்கயிற்றையும் தாண்டத் துணிவான் என்றார் அத்தா. அதன்பின் யாரும் கூலிக்கணக்குப் பேசவில்லை. சாயம் கலந்த நொய்யலையே கண்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தெளிந்த நீர் தலையில் விழுவது சிறிய செய்தியா என்ன! ஜும்ஆ தொழுதுவிட்டுப் புறப்படுவதென்றும், தென்காசியில் இரண்டு இரவு தங்குவதென்றும், இரு நாளும் தடையிருப்பின் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதென்றும் உறுதி செய்தோம். கம்பளிகளை அம்மா இப்போதே வெயிலில் உலர்த்தத் தொடங்கிவிட்டார்.